எங்கள் வளரிளம் பிள்ளைகளும் மதுவும் போதையும்



இந்த மாத உரைக்கு எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். "எங்கடை பிள்ளையள் அப்பிடிப்பட்டதுகள் இல்லை" என்று சொல்லி வானொலியின் சத்தத்தைக் குறைக்கவும் கை போகும். தயவுசெய்து குறைக்காதீர்கள். அந்த வசனத்தைச் சொன்ன வீடுகளில் இருந்துதான் எனக்கு இரவு பதினொரு மணிக்கும் தொலைபேசி வந்திருக்கிறது.

நான் வைத்தியரும் அல்ல, உளவியல் படித்தவளும் அல்ல. ஜேர்மனியில் தமிழ்க் குடும்பங்களுக்காகப் பாடசாலைகளிலும் ஆலோசனை நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் பல வருடங்களாக மொழிபெயர்ப்புச் செய்து வருபவள். இரண்டு பக்கத்திலும் என்ன கதைக்கிறார்கள் என்பதைக் கேட்கும் இடத்தில் இருந்தவள் என்ற வகையில்தான் இன்று உங்களோடு கதைக்கிறேன். எந்தக் குடும்பத்தையும் அடையாளம் காட்டும்படி எதையும் சொல்லமாட்டேன்.

முதலில் இந்த நாட்டில் நடந்த ஒரு சம்பவம். 2007ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பெர்லினில் ஒரு மதுச்சாலையில் பதினாறு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவன் கடை உரிமையாளரோடு போட்டிக்குக் குடித்தான். ரெக்கீலா என்ற கடும் மதுவை நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட சிறு கிளாசுகளில் குடித்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. எதிரே இருந்த உரிமையாளரின் கிளாசுகளில் பெரும்பாலும் தண்ணீர்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. பையன் நினைவிழந்தான். சில வாரங்கள் கோமாவில் கிடந்து மார்ச் மாதக் கடைசியில் இறந்துபோனான். 2009இல் பெர்லின் நீதிமன்றம் அந்த உரிமையாளருக்கு மூன்று வருடங்களுக்கு மேலான சிறைத்தண்டனை கொடுத்தது. ஒரு தொகையைக் கட்டிவிட்டு விரும்பியமட்டும் குடிக்கலாம் என்று அந்தக் காலத்தில் நடந்த 'ஃபிளாட்ரேட்' கொண்டாட்டங்களைப் பற்றி நாடு முழுவதும் விவாதம் எழுந்ததும் இதற்குப் பிறகுதான்.

அந்தப் பையன் தமிழ்ப் பிள்ளை இல்லை. குடிகாரப் பிள்ளையும் இல்லை. ஒரு இரவு, ஒரு போட்டி, பக்கத்தில் "போதும், வா வீட்டை போவம்" என்று சொல்ல ஒருவர் இல்லை. அவ்வளவுதான். எங்கள் பெற்றாரில் பலர் போதை என்றவுடன் பெரிய நகரங்களின் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஊசியோடு இருக்கும் ஆட்களை நினைக்கிறார்கள். தங்கள் பிள்ளை அங்கே இல்லை என்றதும் நிம்மதி. ஆனால் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து பெரும்பாலும் வருவது வகுப்புத் தோழனின் பிறந்தநாள் வீட்டில் இருந்துதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இதில்தான் எங்கள் ஆட்களுக்குக் குழப்பம் கூட. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவும் விற்க முடியாது, சிகரட்டும் விற்க முடியாது. இங்கே பதினாறு வயதில் பியரும் வைனும் கடையில் வாங்கலாம். விஸ்கி, வொட்கா போன்ற கடும் மதுவும், அவை கலந்த இனிப்புப் பானங்களும் பதினெட்டுக்குப் பிறகுதான். பதினான்கு வயதுப் பிள்ளை தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்தால் உணவகத்தில் பியர் குடிக்கலாம் என்ற விதியும் இந்த நாட்டுச் சட்டத்தில் நீண்டகாலமாக இருந்து வந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று மாநிலங்களின் சுகாதார அமைச்சர்கள் 2025இல் கூடிக் கேட்டார்கள். புகையிலைக்கு 2007 செப்ரெம்பரில் இருந்து வயது பதினெட்டு. இலத்திரனியல் சிகரட்டுக்கும் ஷிஷாவுக்கும் 2016இல் இருந்து அதே வயது.

"ஜேர்மன்காரனே விடுறான், நீங்கள் என்ன?" என்று பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? சட்டம் சொல்வது கடைக்காரன் எப்போது விற்கலாம் என்பதை மாத்திரம்தான். எங்கள் வீட்டில் எத்தனை வயது என்பதைத் தாய் தகப்பன் தீர்மானிக்கலாம். இதை ஒளிவுமறைவில்லாமல், கோபமில்லாமல் சொல்லிவைக்க வேண்டும். அதுவும் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போதே. பதினாறாவது பிறந்தநாள் அன்று தொடங்கினால் அது கதை அல்ல, சண்டை.

கஞ்சா விடயம் இன்னும் சிக்கல். 2024 ஏப்ரல் முதலாம் திகதியில் இருந்து ஜேர்மனியில் பதினெட்டு வயது நிரம்பியவர் 25 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் 50 கிராம் வரை வைத்திருக்கலாம், மூன்று செடி வளர்க்கலாம். இதைக் கேட்ட பிள்ளைகள் பலர் "கஞ்சா இப்ப லீகல்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு அது அன்றும் தடை, சட்டம் மாறிய பிறகும் தடை. வளர்ந்தவர் ஒருவர் சிறுவருக்குக் கொடுத்தால் கடும் தண்டனை. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வளர்ந்தவர் புகைப்பதும், பாடசாலை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றின் கண்பார்வைக்குள் புகைப்பதும் தடை. வீட்டில் வைத்திருப்பவர் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கவேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் உறவுக்காரத் தம்பிக்கும் இது பொருந்தும். அவருக்கு இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

இன்னொன்று. சிறுவர் ஒருவர் கஞ்சாவோடு பிடிபட்டால் அதிகாரிகள் உடனடியாகப் பெற்றாருக்கு அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையின் நிலை ஆபத்தானது என்று தோன்றினால் யூகென்ட்அம்ட் என்ற இளைஞர் நல அலுவலகத்துக்கும் அறிவிப்பார்கள். ஆகவே உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வரலாம். அந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் யார் வாசிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று கதைக்க விரும்புகிறேன்.

எங்கள் சமூகத்தில் பிள்ளைகள் ஏழு, எட்டு வயதிலேயே மொழிபெயர்ப்பாளர்கள் ஆனவர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து அகதி முகாம்களில் இருந்த தாய் தகப்பனுக்கு மொழி படிக்க வகுப்பும் இல்லை, வேலை செய்ய அனுமதியும் பலருக்கு இல்லை. அனுமதி கிடைத்தபோது உணவகச் சமையலறையும் துப்புரவு வேலையும்தான் கிடைத்தன. அங்கே மொழி வளராது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் பிள்ளை, வைத்தியரிடம் பிள்ளை, வங்கிக்குப் பிள்ளை. இன்று அப்படி வளர்ந்தவர்களே தாய் தகப்பனாகி நல்ல டொச் கதைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பிந்தி வந்த குடும்பங்கள் இருக்கின்றன, கலியாணம் கட்டி வந்த தாய்மார் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாமார் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் இன்றும் கடிதப்பெட்டியின் திறப்பு பிள்ளையின் கையில்தான்.

எல்ரேர்ன்ஆபென்ட் என்று இங்கே சொல்லும் பெற்றார் கூட்டத்துக்குப் பிறகு ஆசிரியர் தனியாகக் கூப்பிடுகிறார். தாய்க்கு மொழி போதாது. பதினைந்து வயது மகனே மொழிபெயர்க்கிறான். ஆசிரியர், "இவர் இரண்டு மாதமாகத் திங்கட்கிழமைகளில் வருவதில்லை, கண்கள் சிவந்திருக்கின்றன, கவலையாக இருக்கிறது" என்கிறார். பிள்ளை அம்மாவுக்குச் சொல்வது, "கணக்கிலை கொஞ்சம் கவனம் எடுக்கட்டாம்." இப்படி ஒரு சந்திப்பு நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகுதான் அந்தத் தாயோடு நான் போய் இருந்தேன். ஆசிரியருக்கு அம்மா அக்கறை இல்லாதவர் என்ற எண்ணம். அம்மாவுக்கோ, ஆசிரியர் ஒன்றுமே சொல்லவில்லை என்ற கோபம். பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். தன் குற்றத்தைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளையை நிறுத்தியது பெரியவர்கள்தான்.

ஆகவே பாடசாலை, பொலிஸ், வைத்தியசாலை, யூகென்ட்அம்ட் சம்பந்தமான எந்தச் சந்திப்புக்கும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கொண்டுபோகாதீர்கள். அண்ணனுக்காகத் தங்கையையும் கொண்டுபோகாதீர்கள். பல நகரங்களில் நகரசபையோ நலச் சங்கங்களோ மொழி உதவியாளர்களை ஒழுங்கு செய்கின்றன. பாடசாலை அலுவலகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். "ஊர்ச்சனம் வந்தால் கதை வெளியில போகும்" என்ற பயம் இருந்தால் பக்கத்து நகரத்து ஆளைக் கேட்கலாம், தொலைபேசி மூலமும் செய்யலாம்.

அடுத்ததாக எங்கள் கொண்டாட்டங்கள். இதைச் சொன்னால் சில ஐயாமார் என்னோடு கோபிப்பார்கள். பரவாயில்லை.

ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. முன்வாசலில் கும்பிட்டு வரவேற்பு, பன்னீர், கற்கண்டு. பின்பக்கம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு காரின் பின்கதவு திறந்திருக்கும். சோடாவும் பிளாஸ்ரிக் கப்பும் கச்சானும் இருக்கும். பதின்மூன்று வயதுப் பையனைக் கூப்பிட்டு "தம்பி, உள்ளை போய் ஐஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வா ராசா" என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு, குடித்த தகப்பன் கார் ஓட்ட, தாய் பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்க, பின்சீற்றில் பிள்ளைகள். அந்தப் பிள்ளைக்கு நீங்கள் திங்கட்கிழமை போதையின் தீமை பற்றிப் பாடம் எடுத்தால் அவன் என்ன நினைப்பான்?

எங்கள் ஆண்கள் ஏன் குடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருபது வயதில் தனியாக வந்தார்கள். ஒரு அறைக்குள் நாலு பேர், வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி எடுக்கவேண்டும், ஊரில் இருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசியும் ஒரு மரணச் செய்தியாக இருக்கலாம் என்ற பயம். பியர் தண்ணீரை விட மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஐயா எனக்குச் சொன்னார். அந்தப் பழக்கம் அந்த அறையோடு முடியவில்லை. குடும்பம் வந்த பிறகும், பிள்ளை பிறந்த பிறகும் கூடவே வந்தது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நித்திரை வராமல் குடிப்பவர்கள், பழையதை மறக்கக் குடிப்பவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அது ஒரு நோய். அதற்கு இங்கே வைத்தியம் இருக்கிறது, மருத்துவக் காப்புறுதி அதற்குச் செலவழிக்கும். தகப்பன் ஒருவர் தனக்கு உதவி தேடிப் போவதைப் பிள்ளை பார்த்தால், நூறு புத்திமதியை விட அது மேல்.

குடிக்காத வீடு, குடிக்கும் வீடு என்று நான் தராசு பிடிக்க வரவில்லை. வீட்டில் மது இருந்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். பிள்ளையைக் கொண்டு கிளாஸ் நிரப்ப வைக்காதீர்கள். "ஒரு வாய் குடிச்சுப் பார், ஆம்பிளைப்பிள்ளை தானே" என்று சித்தப்பா நீட்டும்போது, அந்த இடத்திலேயே, எல்லார் முன்னிலையிலும், "வேண்டாம்" என்று சொல்லுங்கள். சித்தப்பாவின் முகம் ஒரு கிழமையில் சரியாகும்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் வேறொரு பிரச்சினை. ஆண்பிள்ளை இரவு வந்தால் கண்டும் காணாத மாதிரி. பெண்பிள்ளைக்கு வெளியே போகவே தடை. தடை போட்டால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். நடப்பது என்னவென்றால், பிள்ளை "படிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அங்கே யாராவது அவளுடைய கோப்பைக்குள் எதையாவது கலந்தாலும், சினேகிதி மயங்கி விழுந்தாலும் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க முடியாது. எடுத்தால் பொய் வெளிவந்துவிடும். எங்கள் கோபத்துக்குப் பயந்து பிள்ளை ஆபத்தோடு தனியாக நிற்கிறாள்.

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஒப்பந்தம் இருக்கவேண்டும் என்று நான் சொல்வேன். பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவையுங்கள்: "நீ எங்கை நின்றாலும், என்ன செய்திருந்தாலும், இரவு எத்தினை மணியெண்டாலும் எனக்கு அடி. நான் வந்து ஏத்துவன். அண்டைக்கு ஒரு கேள்வியும் கேட்கமாட்டன். அடுத்தநாள் பின்னேரம் இருந்து கதைப்பம்." சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். காருக்குள் ஏறியவுடன் தொடங்கினீர்கள் என்றால் அடுத்த முறை தொலைபேசி வராது.

மயங்கிய பிள்ளையை என்ன செய்வது என்பதும் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடித்துவிட்டுக் கூப்பிட்டும் எழும்பாதவரை "நித்திரை கொள்ளட்டும்" என்று அறையில் தனியாக விடக்கூடாது. மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்க இது வேண்டும். உடம்பு குளிராமல் போர்த்திவிடுங்கள். மது உடற்சூட்டை இறக்கும். குளிர்காலத்தில் வெளியில் விழுந்து கிடப்பவர் குளிராலேயே இறக்கக்கூடும். கோப்பி கொடுப்பது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம். 112க்கு அடியுங்கள். பொலிஸ் வரும், விசா கெடும், ஊர் அறியும் என்ற கணக்குகளை அந்த நேரத்தில் பார்க்காதீர்கள்.

இந்த நாட்டில் மது நஞ்சாகி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட பத்து முதல் பத்தொன்பது வயது வரையான பிள்ளைகளின் தொகை 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9,500 ஆக இருந்தது. 2012இல் அது 26,000ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு குறைந்து வந்திருக்கிறது. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையானவர்களில் வாரம் ஒருதடவையாவது குடிப்பவர்கள் 2004இல் ஐந்தில் ஒருவர். 2021இல் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இதை நான் சொல்வதற்குக் காரணம், "எல்லாரும் குடிக்கினம் அம்மா, நான் மட்டும்தான் இல்லை" என்று பிள்ளை சொல்லும்போது உங்கள் கையில் ஒரு பதில் இருக்கவேண்டும். எல்லாரும் குடிப்பதில்லை. குடிப்பவர்களின் சத்தம் கூட, அவ்வளவுதான்.

ஆனால் மது குறைந்த இடத்தில் வேறு பொருட்கள் வந்திருக்கின்றன. பழ வாசனையோடு வரும் இலத்திரனியல் சிகரட் அதில் ஒன்று. அறைக்குள் மாம்பழ மணம் வந்தால் அது மாம்பழமாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. பலூனில் இழுக்கும் சிரிப்பு வாயு இன்னொன்று. அது உடம்பில் உள்ள பி12 விற்றமினைச் செயலிழக்கச் செய்வதால், தொடர்ந்து இழுப்பவரின் கால் விறைத்து நடக்கவே கஷ்டமாகலாம். ஹம்பேர்க் மாநிலம் 2025 ஜனவரியில் இருந்து சிறுவருக்கு அதை விற்பதைத் தடைசெய்தது. அடுத்தது குளிசைகள். திலிடின் என்ற வலிக் குளிசையின் பெயரிலேயே 2019இல் இங்கே ஒரு ராப் பாட்டு வந்து பெரிய வெற்றி பெற்றது. அப்பாவின் முதுகு வலிக்கும், அம்மம்மாவின் நித்திரைக்கும் வைத்தியர் எழுதிய குளிசைகள் குசினி அலுமாரியில் திறந்தபடி இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். மிஞ்சியவற்றை எப்படி அகற்றுவது என்று மருந்துக்கடையில் கேட்டு அகற்றிவிடுங்கள்.

கஞ்சா பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர், "அது மூலிகை தானே, சாமிமாரே குடிச்சவை" என்று சிரிப்பார்கள். இன்று சந்தையில் கிடைக்கும் கஞ்சாவில் போதை தரும் பொருளின் அளவு பழைய காலத்தை விடப் பன்மடங்கு கூட. மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதுக்குள் அடிக்கடி புகைப்பவருக்கு ஞாபகமும் கவனமும் பாதிக்கப்படும். சிலருக்கு, விசேடமாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கு, இல்லாத குரல் கேட்பது, எல்லாரையும் சந்தேகிப்பது போன்ற மனநோய் கிளம்பும் ஆபத்து உண்டு. "பேய் பிடிச்சிட்டுது, யாரோ செய்வினை செய்துபோட்டினம்" என்று நேர்த்திக்கடன் வைத்து அலைந்து ஒரு வருடம் கழித்து வைத்தியரிடம் போன குடும்பத்தை நான் அறிவேன். ஹம் காமாட்சி அம்பாளுக்குத் தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள். அதே கிழமையில் வைத்தியரிடமும் போங்கள்.

பிள்ளை ஏதோ பாவிக்கிறான் என்று எப்படி அறிவது என்று கேட்பீர்கள். ஒரு பட்டியல் தந்தால் நீங்கள் இன்றிரவே பிள்ளையின் பையைத் தேடத் தொடங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது, பிந்தி எழும்புவது, சினப்பது எல்லாம் அந்த வயதின் இயல்பும்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது மாற்றத்தை. உதைபந்தாட்டத்துக்கு உயிரை விட்ட பிள்ளை ஒருநாளில் அதை நிறுத்திவிட்டான், பழைய சினேகிதர் ஒருவரும் வருவதில்லை, காசு காணாமல் போகிறது, படிப்பு சடாரென்று விழுகிறது. இப்படி இரண்டு மூன்று சேர்ந்து சில கிழமைகள் நீடித்தால் கதைக்கவேண்டிய நேரம் வந்துவிட்டது. அது போதைப்பொருளாக இல்லாமலும் இருக்கலாம். பாடசாலையில் நிறத்தைச் சொல்லி யாராவது வருத்துவதாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். அதனால்தான் "நீ என்ன அடிக்கிறாய், சொல்லு!" என்று தொடங்கக்கூடாது.

எப்படித் தொடங்குவது? முகத்துக்கு முகம் பார்த்துக் கதிரையில் இருத்திக் கேட்டால் பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது, வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது, நாயைக் கொண்டு நடக்கும்போது கதை சுலபமாக வரும். "ரெண்டு கிழமையா நீ சாப்பிடுறதும் இல்லை, சிரிக்கிறதும் இல்லை. எனக்கு யோசினையா இருக்கு" என்று உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். எங்களுக்கு இதுதான் கஷ்டம். பிள்ளை ஒரு வசனம் சொல்ல முந்தி நாங்கள் பத்து வசனம் சொல்லிவிடுவோம். அதில் ஏழு, "நாங்கள் உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு..." என்று தொடங்கும். கஷ்டப்பட்டது உண்மை. ஆனால் பிள்ளைக்கு அந்த வசனம் கடன் பத்திரம் மாதிரிக் கேட்கிறது. கடன்காரனிடம் எவனும் மனம் திறந்து கதைக்கமாட்டான்.

அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் 2000ஆம் ஆண்டில் இருந்து பிள்ளைக்கு வன்முறை இல்லாத வளர்ப்புக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அடித்து ஒருவரும் போதையை நிறுத்தியதாக நான் காணவில்லை.

"ஊருக்கு அனுப்பினால் திருந்துவான்" என்று சொல்பவர்களும் உண்டு. மொழி அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையை, படிப்பின் நடுவில், பாட்டியின் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே போதைப்பொருள் இல்லை என்று யார் சொன்னது? யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளைத் திறந்து பாருங்கள். பிள்ளைக்கு அங்கே ஆலோசகர் இல்லை, சினேகிதர் இல்லை, தாய் தகப்பன் தன்னை நாடுகடத்திவிட்டார்கள் என்ற எண்ணம் மாத்திரம் இருக்கும். அகதியாக வந்த எங்களுக்கு அந்த எண்ணம் எப்படி இருக்கும் என்று விளங்க வேண்டும்.

அப்படியென்றால் எங்கே போவது? ஸூக்ட்பெராட்டுங் என்று கேளுங்கள். போதை, மது சம்பந்தமான ஆலோசனை நிலையம் என்பது அதன் பொருள். கரித்தாஸ், டியாக்கோனி, ஆவோ போன்ற சங்கங்களும் நகரசபைகளும் நாடெங்கும் இவற்றை நடத்துகின்றன. கிறிஸ்தவச் சங்கத்தின் பெயர் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், யாரும் சமயம் கேட்பதில்லை. காசு இல்லை. பிள்ளை வர மறுத்தாலும் தாய் தகப்பன் மட்டும் போகலாம். உண்மையில் பல குடும்பங்களில் அப்படித்தான் தொடங்குகிறது.

அங்கே வேலை செய்பவர்கள் நீங்கள் சொல்வதை வெளியே சொல்வது தண்டனைக்குரிய குற்றம். ஷ்வைகெப்ஃபிளிஷ்ட் என்று அந்த இரகசியக் கடமைக்குப் பெயர். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ வேலை கொடுப்பவருக்கோ தகவல் போகாது. இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் தாய்மார் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறார்கள். பாதி வாழ்க்கை விசாவுக்காகக் காத்திருந்தவர்களின் பயம் அது, லேசில் போகாது.

யூகென்ட்அம்ட் என்றாலும் அப்படியே. "பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்" என்பதுதான் எங்கள் சனத்துக்குத் தெரிந்தது. பிள்ளைக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது எடுக்கப்படும் கடைசி நடவடிக்கை அது. அதே அலுவலகம்தான் வளர்ப்பு ஆலோசனையும், வீட்டுக்கு வந்து உதவும் ஆட்களையும் ஒழுங்குசெய்து தருகிறது. நீங்களாகப் போய் உதவி கேட்கும்போது அக்கறையுள்ள பெற்றார் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

முதல் தடவை பிடிபட்ட பிள்ளைகளுக்கென்று ஃபிரெட் என்ற பெயரில் குறுகிய குழு வகுப்புகள் 2000ஆம் ஆண்டில் தொடங்கின. பல நகரங்களில் நடக்கின்றன. மது நஞ்சாகி வைத்தியசாலையில் கிடக்கும் பிள்ளையை அடுத்த நாளே கட்டிலடியில் வந்து சந்தித்துக் கதைக்கும் ஹால்ட் என்ற திட்டம் 2003 அளவில் லோராக் நகரத்தில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அப்படி ஒருவர் வந்தால் "எங்களுக்கு ஒன்றும் தேவையில்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். பிள்ளை வெட்கப்பட்டு, பயந்து, கேட்கத் தயாராக இருக்கும் நேரம் அது. இரண்டு கிழமை போனால் அந்தக் கதவு சாத்திவிடும். பிள்ளைகள் தாங்களாகவே 116 111 என்ற இலக்கத்துக்குப் பெயர் சொல்லாமல் இலவசமாக அடித்துக் கதைக்கலாம். பெற்றாருக்கான இலக்கம் 0800 111 0550. டொச் போதாதென்றால் கதைக்கக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையை அல்ல.

வாகன அனுமதிப்பத்திரம் எடுக்கப்போகும் பிள்ளைகள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். 2007 ஓகஸ்ட்டில் இருந்து இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களும் புதிதாக அனுமதி எடுத்தவர்களும் ஒரு துளி மதுவும் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது. 2024 ஓகஸ்ட்டில் இருந்து கஞ்சாவுக்கும் அதே விதி. இது எந்தப் புத்திமதியையும் விடப் பதினேழு வயதுக்காரருக்கு நன்றாக விளங்குகிறது என்பதைக் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, நேயர் ஒருவர் எழுத்தில் கேட்டிருந்த கேள்வி. மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டிகள் விற்கிறார்களே, பிள்ளைக்குத் தெரியாமல் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார். நான் கேட்டுப் பார்த்த ஆலோசகர்கள் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். தொடர்ந்து கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில் நிறுத்திப் பல கிழமைகள் போன பிறகும் தடயம் இருக்கும். விட்ட பிள்ளையை நீங்கள் பொய்யன் என்பீர்கள். மது போன்றவை சீக்கிரம் மறைந்துவிடும், சிரிப்பு வாயுவை அந்தப் பட்டி காட்டவே காட்டாது. ஒன்றும் இல்லை என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். பரிசோதனை தேவை என்றால் குடும்ப வைத்தியரோடும் பிள்ளையோடும் கதைத்துச் செய்யுங்கள். அந்த அம்மா கடிதத்தில் தன் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தார். இந்த வாரம் நான் அவரோடு கதைப்பேன்.

மற்றவர்களும் நிலையத்தின் முகவரிக்கு எழுதலாம், பெயர் போடத் தேவையில்லை.